நூற்றேழின் பச்சை விளக்கு

"நீ ஒரு வார்த்தை கூப்பிட்டா போதும் ஹேமா, அன்னிக்கே வந்துடுவேன்."

"நான் எதுக்குக் கூப்பிடணும்? நானா உங்களைப் போகச் சொன்னேன்? போறவங்களுக்கு வர வழி தெரியாதா?"

"வழி தெரியும். வரலாமான்னுதான் தெரியல."

"தெரிஞ்சதும் வாங்க."

முகப்பேர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் இரண்டாவது மாடிப் படிக்கட்டில் நடந்த பேச்சு அது. பதினான்கு மாதம் ஆகிவிட்டது. சரவணக்குமாரின் ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் மூன்று லிட்டர் குக்கர். அவன் அப்பாவுக்குச் சோறு குழைய வேண்டும் என்பதற்காக எடுத்துக்கொண்டு போன குக்கர். கோபித்துக்கொண்டு போகிறவன் யாராவது குக்கரைத் தூக்கிக்கொண்டு போவானா என்று அன்றைக்குச் சிரித்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஹேமாவதி சிரிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

சண்டைக்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவனுடைய அப்பா ஏகாம்பரம் நெமிலிச்சேரி வீட்டில் தனியாக இருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துபோனது. அவரால் முகப்பேரின் இரண்டு மாடி ஏற முடியாது. எல்லோருமாக நெமிலிச்சேரிக்குப் போய்விடலாம் என்றான் சரவணக்குமார். மகள் நிவேதிதாவின் பள்ளிக்கூடம், தன்னுடைய வேலை, அலைச்சல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்த ஹேமாவதி, வாய்தவறி அந்த ஒன்றையும் சொல்லிவிட்டாள். "ஒரு ஆளை வெச்சுப் பாத்துக்க வேண்டியதுதானே? ஊர்ல எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க."

அவன் முகம் மாறியதை அவள் பார்த்தாள். அதற்குப் பிறகு அவன் எதையும் விளக்கவில்லை. பை, குக்கர், படிக்கட்டு.

போன தை மாதம் ஏகாம்பரம் காலமானார். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் ஹேமாவதி மருமகளாக நின்று எல்லாவற்றையும் செய்தாள். கடைசிப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, ஒன்பது வயது நிவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். 'வாங்க, போகலாம்' என்ற இரண்டு சொற்கள் நாக்கின் நுனி வரை வந்துவிட்டன. தகப்பனைப் பறிகொடுத்து மொட்டைத் தலையோடு நிற்கிறவனிடம் அதைச் சொல்லத் தனக்கு என்ன தகுதி என்று தோன்றிவிட்டது. ஆளை வைக்கச் சொன்ன வாய் அல்லவா? 'பாத்துப் போங்க' என்று மட்டும் அவன் சொன்னான்.

இனி எந்தக் காரணமும் இல்லை, அடுத்த ஞாயிறு பையோடு வந்துவிடுவான் என்று நினைத்தாள். ஞாயிறு வந்தான். வழக்கம்போல் நிவியைக் கீழேயிருந்து கூப்பிட்டு, பூங்காவுக்குக் கூட்டிப்போய், ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்து, படிக்கட்டு அடியில் விட்டுவிட்டுப் போய்விட்டான். அதற்கு அடுத்த ஞாயிறும் அப்படியே. ஐந்து மாதம் இப்படியே ஓடிவிட்டது. அவள் கூப்பிடுவாள் என்று அவன் காத்திருந்தான். அவன் வருவான் என்று அவள் காத்திருந்தாள்.

இருவருக்கும் வேலை ஒரே நிறுவனத்தில்தான். நாகப்பன் என்பவர் நடத்திய இன்வெர்ட்டர், பேட்டரி வியாபாரம் அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் தலைமை அலுவலகம், பூந்தமல்லியில் கடை, ஆவடியில் பழுது பார்க்கும் சர்வீஸ் சென்டர். முன்பெல்லாம் ஒரே பைக்கில் இருவரும் அம்பத்தூருக்கு வருவார்கள். அப்பாவோடு இருக்கப் போனதும், நெமிலிச்சேரிக்குக் கிட்டத்தில் வேண்டும் என்று சரவணக்குமார் ஆவடிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான். ஹேமாவதி அம்பத்தூரில் வாடிக்கையாளர் அழைப்புகளைப் பார்த்துக்கொண்டாள். ஒரே சம்பளப் பட்டியலில் பேர் இருக்கிறது, ஒரே ரேஷன் கார்டில் பேர் இருக்கிறது, பேச்சு மட்டும் இல்லை.

மாசி மாதத்தில்தான் அலுவலகத்துக்கு இன்டர்நெட் போன் வந்தது.

அதைப் பொருத்த வந்த மதுரைவீரன் வாயாடி. மேசைக்கு அடியில் புகுந்து வயரை இழுத்தபடியே பேசுவான். "பழைய பெட்டியக் கழட்டிக் கடாசிட்டேன் மேடம். இனிமே எல்லாம் நெட்லதான் ஓடும். உங்க நம்பரு நூத்தி மூணு. இந்த போனைத் தூக்கினு போயி கன்னியாகுமரில சொருகுனாலும் நீங்க நூத்தி மூணுதான். கஸ்டமருக்கு இன்னா தெரியப் போவுது? நீங்க அம்பத்தூர்ல குந்தினு கீறீங்கன்னுதான் நெனைப்பான்."

"நல்லதாப் போச்சு" என்றாள் ஹேமாவதி.

"இத்தக் கேளுங்க. ஓரமா நாலு பட்டன் கீது பாருங்க, அதுக்குள்ள லைட்டு கீது. யாரு பேரு போடணுமோ சொல்லுங்க, போட்டுடறேன். பச்சை எரிஞ்சா ஆளு சும்மா கீறாரு. செவப்புன்னா பேசினு கீறாரு. எரியவே இல்லன்னா கரண்டு இல்ல, இல்ல வயரு புடுங்கிக்கினு கீது."

"முதலாளி, குடோன், பூந்தமல்லி…"

"நாலாவது?"

பக்கத்து மேசையில் தலை நிமிராமல் பில்களை அடுக்கிக்கொண்டிருந்த ஆக்னஸ் சொன்னாள். "ஆவடி நூத்தேழு போடுங்கண்ணா. சர்வீஸ் கால் எல்லாம் அங்கதான போவுது."

"போடவா மேடம்?"

"எதையாவது போடுங்க" என்று ஹேமாவதி கணினியைப் பார்த்துக்கொண்டாள். ஆக்னஸ் பில்லுக்குள் சிரித்தாள்.

அன்றிலிருந்து ஹேமாவதிக்குப் புதுப் பழக்கம் ஒன்று வந்துவிட்டது. ஒன்பது மணி அலுவலகத்துக்கு எட்டே முக்காலுக்கே வந்துவிடுவாள். ஆவடிக் கடையின் சாவி சரவணக்குமாரிடம்தான். அவன் வந்து ஷட்டரைத் தூக்கி மெயின் ஸ்விட்சைப் போட்டால்தான் அங்கே போனுக்கு உயிர் வரும். எட்டு ஐம்பதுக்கு, சில நாள் எட்டு ஐம்பத்திரண்டுக்கு, நாலாவது பட்டனில் பச்சை பூக்கும். அதைப் பார்த்த பிறகுதான் அவள் டிபன் டப்பாவைத் திறப்பாள். ஒருநாள் ஒன்பதேகால் வரைக்கும் எரியவில்லை. ஆவடியில் மின்வெட்டு என்று தெரிகிற வரை அவளுக்கு இட்லி இறங்கவில்லை. இன்வெர்ட்டர் விற்கிற கடையில் தங்கள் போனுக்கு ஒரு இன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளத் துப்பில்லை என்று ஆக்னஸிடம் எரிந்து விழுந்தாள்.

பழுது என்று வரும் அழைப்பு அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஒரே நேரத்தில் மணியடிக்கும். யார் முதலில் எடுக்கிறார்களோ அவர்களுக்குப் போகும், இன்னொருவர் மேசையில் மணி நின்றுவிடும். காலையில் பெரும்பாலும் அவள்தான் எடுப்பாள். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அவளுக்குத் தலைவலி பிடிக்கும், அது வெகுநாளாக உள்ள தொந்தரவு. அந்த நேரத்தில் மட்டும் அவள் கை நீளும் முன்பே மணி நின்றுவிடும். உடனே பச்சை சிவப்பாகும். மூன்றிலிருந்து ஐந்து வரை அவளுக்கு வேலையே இருக்காது. யாரும் சொல்லிச் செய்ததில்லை. அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே நெற்றியில் தைலம் தடவிக்கொள்வாள். அவன் அங்கே யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறான், தனக்காகப் பேசிக்கொண்டிருக்கிறான் என்று தோன்றும். இந்த நினைப்பில் வயிறு நிறையாது என்பதும் தெரியும்.

புதுப் போனில் எல்லா அழைப்பும் பதிவாகும். நாகப்பன் அதற்கென்று ஒரு விதி போட்டார். "ஒரே ஆபீஸ்ல இருக்கறவங்க ஒருத்தருக்கு ஒருத்தர் மார்க் போட்டா பத்துக்குப் பதினொண்ணு போடுவீங்க. அதனால அம்பத்தூர் பேசினதை ஆவடி கேக்கணும், ஆவடி பேசினதை அம்பத்தூர் கேக்கணும். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அஞ்சு போன் கால். எந்த அஞ்சுன்னு கம்ப்யூட்டரே எடுத்துக் கொடுக்கும். மார்க் போட்டு, குறிப்பு எழுதி, ஆக்னஸ் கிட்ட குடுத்துடுங்க."

இப்படித்தான் வாரத்துக்கு ஒருமுறை, புருஷன் குரலைக் கேட்டு மார்க் போடுகிற வேலை ஹேமாவதிக்கு வந்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் உட்காருவாள். "வணக்கம், ஆவடி சர்வீஸ், சரவணக்குமார் பேசறேன்." ஊரார் கோபத்தை எல்லாம் வாங்கிக்கொண்டு நிதானமாகப் பதில் சொல்கிற குரல். வீட்டில் தன்னிடம் கடைசியாக அவன் இவ்வளவு பொறுமையாகப் பேசியது எப்போது என்று யோசிப்பாள். தான் அவனிடம் எப்போது அப்படிப் பேசினோம் என்ற கேள்வியும் பின்னாலேயே வரும்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, அவளுடைய அழைப்புகளைக் கேட்டு அவன் எழுதியனுப்பிய குறிப்பை ஆக்னஸ் உரக்கப் படித்தாள். "'மூன்றாவது அழைப்பில் வறட்டு இருமல். இரண்டாவதிலும் உள்ளது. ஆவி பிடித்தால் நல்லது.' இன்னாடி இது, மார்க் ஷீட்டா, மருந்துச் சீட்டா?"

"குடு இப்படி" என்று பிடுங்கிக்கொண்டாள் ஹேமாவதி.

அடுத்த வாரம் அவள் எழுதினாள்: 'அழைப்பு நேரம் 2.40. குரலில் களைப்பு. சாப்பிடாமல் பேசியதாகத் தெரிகிறது. சாப்பிட்டுவிட்டுப் பேசலாம்.'

"ஏண்டி, இதுக்கு ஒரு ஸ்டாம்ப் ஒட்டிக் குடுத்துடேன், நானே தபால் பெட்டில போட்டுடறேன்" என்றாள் ஆக்னஸ். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "நீதான் கூப்டேன். எந்த ஊரு மகாராணி நீ?"

"அவர் வந்து கதவைத் தட்டட்டும்."

"அவன் தட்டல. நீயும் கூப்பிடல. நடுவுல அந்தப் பொண்ணு படிக்கட்டுல ஏறி எறங்கினு கீது."

ஹேமாவதி ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். கூப்பிட்டு, 'இத்தனை நாள் கழிச்சா?' என்று அவன் கேட்டுவிட்டால் என்ன செய்வது? கேட்காத வரைக்கும் அவன் மறுக்கவில்லை என்றாவது இருக்கும். தினமும் காலையில் ஒரு பச்சை விளக்காவது இருக்கும். கையிலிருக்கிற இந்தக் கொஞ்சத்தையும் இழந்துவிடுவோமோ என்பதுதான் அவளுடைய பயம். ஆக்னஸ் நினைத்ததுபோல் அது கர்வம் இல்லை. கர்வம் எப்போதோ கரைந்துபோயிருந்தது.

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், கம்ப்யூட்டர் எடுத்துக்கொடுத்த ஐந்தில் நாலாவதாக ஒரு அழைப்பு வந்தது. திருமுல்லைவாயிலில் இருந்து கோவிந்தன் என்கிற ஓய்வுபெற்ற வாத்தியார். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது எப்படி என்று கேட்டார். சரவணக்குமார் மூன்றுமுறை சொன்னான். நாலாவது முறை எழுதிக்கொள்ளச் சொல்லி, ஒவ்வொரு வரியாகச் சொன்னான். வாத்தியார் குளிர்ந்துபோய்விட்டார்.

"ரொம்ப நல்லது தம்பி. பெத்த புள்ள கூட இவ்வளவு பொறுமையாச் சொல்ல மாட்டான். வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

பதிவில் பின்னால் ஏதோ லாரி போகிற ஓசை மட்டும் கேட்டது.

"வீட்ல எல்லாரும் சௌக்கியம் சார். நான்தான் வீட்ல இல்ல."

"வெளியூர் வேலையா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். தண்ணி ஊத்தும்போது மூடியை டைட்டா மூடிடுங்க சார், மறந்துடாதீங்க."

ஹேமாவதி அந்த இடத்தைத் திரும்பக் கேட்டாள். இன்னொரு முறையும் கேட்டாள். எந்த அழைப்பைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொடுக்கும் என்று அவனுக்குத் தெரியாது. தனக்குக் கேட்க வேண்டும் என்று அவன் சொன்னதில்லை அது. முன்பின் பார்க்காத ஒரு மனிதரிடம் தானாக வாயில் வந்துவிட்டது. மார்க் போடும் கட்டத்தில் பேனா வெகுநேரம் நின்றது. ஒன்றும் எழுதாமல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மூன்றரை மணிக்கு நாகப்பன் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். "ஹேமா, திங்கட்கிழமையிலேருந்து ஆவடியைப் பூந்தமல்லி ஆளுங்க பாத்துப்பாங்க. ஓசூர்ல புதுக் கிளை தெறக்கறோமில்ல, சரவணன் அங்க போறான். ரெண்டு வருஷத்துக்கு அவன்தான் பொறுப்பு. உனக்குத் தெரிஞ்சிருக்குமே."

"தெரியும் சார்" என்று பொய் சொன்னாள்.

"சர்வீஸ் கால்ல ஒரு மாத்தமும் இல்ல. போனை எடுத்துக்கினு போயி அங்க மாட்டிடுவான். அதே நூத்தேழு. நமக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது."

அவர் போய்விட்டார். ஹேமாவதி நாலாவது பட்டனைப் பார்த்தாள். பச்சை நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமையும் எரியும். மூன்று மணிக்குமேல் மணி உடனே நிற்கும், பச்சை சிவப்பாகும், எல்லாம் அப்படியே நடக்கும். ஆள் மட்டும் ஓசூரில் இருப்பான். ஆவடியில் இருப்பதற்கும் ஓசூரில் இருப்பதற்கும் அந்த விளக்குக்கு வித்தியாசம் தெரியாது. அப்படியானால் இந்த நாலு மாதமாக, அவன் பக்கத்தில் இருப்பதாக நினைத்து எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்?

அந்தப் பட்டனை அழுத்தினால் ஒரு நொடியில் அவன் குரல் வந்துவிடும். விரலை வைத்தும் பார்த்தாள். அதுவும் பதிவாகும்; ஒரு வெள்ளிக்கிழமை பூந்தமல்லியில் யாரோ அதைக் கேட்டுப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போடுவார்கள். விரலை எடுத்துவிட்டாள்.

"ஆக்னஸ், என் போனைப் பாத்துக்கோ."

"எங்கடி?"

"ஆவடிக்கு."

ஆக்னஸ் முதன்முறையாகக் கேலி எதுவும் செய்யவில்லை. "ஹெல்மெட்டை எடுத்துக்கினு போ" என்றாள்.

சி.டி.ஹெச். ரோட்டில் வெள்ளிக்கிழமை சாயங்கால நெரிசல். அவளுடைய ஸ்கூட்டி பஸ்ஸுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே ஊர்ந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தாள். 'நிவிக்காக வாங்க' என்பது திருமுல்லைவாயிலில் தோன்றியது. அது பிள்ளையை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்வது. 'நடந்தது நடந்துபோச்சு' என்பது அடுத்த சிக்னலில். அது பஞ்சாயத்துக்காரர்கள் பேசுகிற பேச்சு. ஆவடி வந்து சேர்ந்தபோது கையில் ஒரு வாக்கியமும் மிச்சமில்லை.

கடையில் பேட்டரிகள் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அமில நெடி மூக்கில் ஏறியது. மேசைக்கு முன்னால் ஒரு ஆள் இன்வெர்ட்டரை இறக்கி வைத்துவிட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஊட்ல மூணு கொயந்தைங்க கீது. நேத்து பூரா விசிறி மட்டையால வீசினு குந்தியிருந்தேன். கையி கயண்டு போச்சு. இன்னா நைனா சொல்ற, இன்னிக்கு ரெடியாவுமா ஆவாதா?"

"ஆகும்ணே. ஃப்யூஸ்தான். உக்காருங்க" என்று நிமிர்ந்த சரவணக்குமார், வாசலில் ஹெல்மெட்டோடு நிற்கிறவளைப் பார்த்தான். கையிலிருந்த திருப்புளி மேசையில் விழுந்தது.

"நிவிக்கு என்ன?"

"நிவிக்கு ஒண்ணுமில்ல. டியூஷன்ல இருக்கா."

"பின்ன? உடம்புக்கு…?"

"ஒண்ணுமில்லங்க."

அவன் மேசை போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். நாலு பட்டனில் மூன்றில் பேரே இல்லை. ஒன்றில் மட்டும் நூற்று மூன்று என்று காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அது பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"நீ சீட்ல இருக்கேன்னுல்ல நெனைச்சேன்" என்றான்.

"நானும் அப்படித்தான் நெனைச்சிக்கிட்டு இருந்தேன். விளக்கைப் பாத்து."

இன்வெர்ட்டர் கொண்டுவந்தவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "யாரு நைனா, ஊட்டுக்காரம்மாவா?" என்றார். அவன் தலையாட்டியதும், "ரோட்டாண்ட ஒரு டீ சாப்புட்டு வரேன். ஃப்யூஸைப் பொறுமையாவே போடு, ஒண்ணும் அவசரமில்ல" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஓரமாக இரண்டு அட்டைப் பெட்டிகள் கயிறு கட்டித் தயாராக இருந்தன. ஹேமாவதி அவற்றைப் பார்த்தாள்.

"ஓசூர் போறீங்களாமே."

"நாகப்பன் சார் கேட்டாரு. சரின்னேன்."

"என்கிட்ட சொல்லல."

"சொன்னா, நீயும் சரின்னு சொல்லிடுவியோன்னு பயம்."

போன் அடித்தது. இருவரும் அசையவில்லை. மூன்றாவது மணியில் அம்பத்தூரில் ஆக்னஸ் எடுத்துவிட்டாள் போலிருக்கிறது, நின்றுவிட்டது.

"மாமாவைப் பத்தி நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் ஹேமாவதி. "ஆளை வெச்சுக்கச் சொன்னேனே. பதினாறு நாளும் அவர் படத்துக்கு முன்னால நின்னப்போ அதுதான் ஞாபகம் வந்துக்கிட்டே இருந்துச்சு."

சரவணக்குமார் திருப்புளியை எடுத்துத் துணியில் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான். "அப்பாவும் அதைத்தான் சொன்னாரு. நான் அங்க போன முதல் வாரமே. 'ஒரு ஆளை வெச்சுட்டு உன் பொண்டாட்டி புள்ளையோட போய் இருடா'ன்னு. மாசத்துக்கு நாலு தடவை சொன்னாரு. நான்தான் கேக்கல."

"ஏன்?"

"கேட்டா நீ சொன்னது சரின்னு ஆயிடுமே." தனக்குத்தானே வெட்கப்பட்டுச் சிரித்தான். "அவர் போனப்புறம், உன் மேல கோபம்னு ஒண்ணுமே மிச்சமில்ல ஹேமா."

"அப்புறம் ஏன் வரல?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடி ஜன்னல் திரையை விலக்கி மேலிருந்து மட்டுமே அவள் பார்த்திருந்த முகம். எவ்வளவு இளைத்துவிட்டான், காதோரம் எத்தனை நரை. குரலில் தெரியாதது எல்லாம் இரண்டடி தூரத்தில் தெரிந்தது. தன் வாயிலிருந்து வர வேண்டிய அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் காத்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

வாசலில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. ஹேமாவதி ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தாள்.

"ஓசூர் வேண்டாங்க" என்றாள். "எனக்கு நீங்க வேணும். வீட்டுக்கு வந்துடுங்க."